அரிக்கமேட்டை நடந்துதான் பார்க்க வேண்டும்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்பவர்களில் பலர் வண்டியில் வாசல்வரை போய் இறங்கியவர்கள். மாவும் தென்னையும் நிற்கும் தோப்பு, தொல்லியல் துறையின் பலகை, இடிந்த செங்கற்சுவர்கள். சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு, ரோமானியர் காலத்தது என்று நம்பிக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சுவர்கள் 18ஆம் நூற்றாண்டில் குருமாணவர்களுக்காகக் கட்டிய மடத்தின் மிச்சம். இரண்டாயிரம் வருடத்துப் பழைய துறைமுகம் அவர்கள் மிதித்து நின்ற மண்ணுக்குள் இருக்கிறது. அகழ்ந்த குழிகளை எல்லாம் திரும்ப மூடியாயிற்று.

எனக்கு ஊர் மதுக்கரை. கடலையே காணாத ஊர்க்காரனுக்குத் துறைமுகத்தின் மேல் என்ன இத்தனை பிடிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கிறது. மேற்கு மலை தாழ்ந்து சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிடும் இடம் இது. மாடும் வண்டியும் மலை ஏறாமல் மேலைக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வர இதைவிட லேசான பாதை கிடையாது. பக்கத்தில் சுண்டக்காமுத்தூர்ப் பாறையில் ராஜகேசரிப் பெருவழியைக் குறிக்கும் கல்வெட்டு தமிழிலும் வட்டெழுத்திலும் இருக்கிறது. அது சோழர் காலத்தது. ஆனால் அந்தத் தடத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே சரக்கு போய்வந்திருக்கிறது. வெள்ளலூரில் 1842இலும் பிறகும் அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் பொறித்த ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்தன. நொய்யலோடு கிழக்கே போனால் கொடுமணல். அங்கே கல்மணி அறுத்தார்கள், இரும்பு உருக்கினார்கள். அதற்கும் கிழக்கே கரூர். அங்கிருந்து காவிரி கீழைக் கடற்கரைக்கு வழிகாட்டும்.

இந்த வழியை மனதில் வைத்துக்கொண்டு அரிக்கமேட்டுக்குப் போகிறவனுக்கு ஒரு சங்கதி பிடிபடும். எங்கள் கொங்குச் சீமையில் ரோமானியக் காசு கொட்டிக் கிடந்தது. அரிக்கமேட்டிலோ அந்தக் காசு மிகச் சொற்பம். அங்கே கிடைத்தவை ஜாடிகள். மத்தியதரைக் கடலிலிருந்து திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் சுமந்துவந்த ஆம்போரா ஜாடித் துண்டுகள், இத்தாலியில் அரெஸ்ஸோ பக்கம் வனைந்த சிவப்புப் பாத்திரங்களின் ஓடுகள். காசு இடுப்பு மடியில் மலை தாண்டும். ஜாடி கப்பலை விட்டு அதிக தூரம் நகராது. துறையில் ஜாடியும் வழியில் காசும் தங்கியதற்கு இந்த எடைக்கணக்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். வெள்ளலூரையும் கரூரையும் பார்த்துவிட்டு வந்தால் அரிக்கமேட்டு மண் பாதி பேசிவிடும்.

போவதற்குத் தோதான பருவம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை மேட்டை அலசிவிட்டுப் போயிருக்கும். மேல்மண் கரைந்து ஓடுகள் முகம் காட்டும். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும் என்பதால் விடிந்ததும் போய்விட வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நிழல் விழும். ஓதம் இறங்கும் நேரமாகவும் பார்த்துக்கொண்டால் நல்லது. அரியாங்குப்பம் ஆற்றில் கடல்நீர் ஏறி இறங்கும். நீர் இறங்கினால்தான் கரையின் வெட்டுமுகம் தெரியும்.

அரியாங்குப்பத்தில் பேருந்தை விட்டு இறங்கி வீராம்பட்டினம் சாலையில் நடந்தால் வழியில் காக்காயந்தோப்பு வரும். மேட்டின் நடுவுக்கு நேரே போகாமல், அனுமதி உள்ள மட்டும் ஆற்றோரமாக மேட்டை ஒரு சுற்று சுற்றுவதுதான் என் வழக்கம். கரையை ஆறு அரித்த இடத்தில் மண் அடுக்கடுக்காகத் தெரியும். ஒரு அடுக்கில் ஓடு நெருங்கிக் கிடக்கும், அடுத்ததில் வெறும் வண்டல். மக்கள் நெருக்கமாக வாழ்ந்த காலமும் வெள்ளம் வந்து போன காலமும் அப்படித்தான் மாறி மாறிப் படிந்திருக்கும்.

பிறகுதான் மேடு. தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1945இல் இங்கே தோண்டியபோது பல சுவர்கள் இல்லை, சுவர் இருந்த பள்ளம்தான் இருந்தது. பின்னால் வந்தவர்கள் செங்கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பள்ளத்தின் போக்கைப் பிடித்துத்தான் அவர் கட்டடத்தின் நீள அகலத்தை வரைந்தார். நிற்கும் சுவரை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். இல்லாத சுவரைப் பார்ப்பதில்தான் இந்த நடையின் தேர்ச்சி எல்லாம் இருக்கிறது. புல் ஓரிடத்தில் நேர்கோடாகச் செழித்திருந்தால், தரை காரணமின்றி நீளவாக்கில் தாழ்ந்திருந்தால், நான் நின்றுவிடுவேன். எல்லாக் கோடும் பழஞ்சுவர் ஆகாது. வரப்பாக இருக்கலாம், பழைய ஆய்வுக்குழியின் விளிம்பாகவும் இருக்கலாம். அவசரப்படாமல் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தால் சில நேரம் விளங்கும், சில நேரம் விளங்காது.

கண் பழகுவதற்குப் புதுச்சேரி அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பது உத்தமம். அரிக்கமேட்டுப் பொருள்கள் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. உள்வட்டத்தில் பல்சக்கரம் உருட்டியதுபோல் புள்ளிவரிசை ஓடும் மெல்லிய சாம்பல்நிற வட்டில், கறுப்பு-சிவப்புப் பானை, ஆம்போராவின் தடித்த கைப்பிடி. இந்த மூன்றையும் மனதில் ஏற்றிக்கொண்டால் தரையில் கிடக்கும் துண்டு இன்னதென்று ஓரளவு தெரிந்துவிடும். கண்ணாடிமணிகளையும் நின்று பார்க்க வேண்டும். கேழ்வரகு அளவுக்குச் சின்னவை. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கிச் செய்தவை. இந்த வகை மணி இலங்கை, தாய்லாந்து, வியட்நாம் வரை கிடைக்கிறது. இழுத்துச் செய்யும் அந்தக் கைவேலை ஆந்திரத்தின் பாப்பநாயுடுபேட்டையில் நம் காலம் வரைக்கும் நீடித்தது. ரோமாபுரிப் பெயரைச் சொல்லியே அரிக்கமேட்டைப் பேசுவதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வீலர் தம் காலக்கணக்குக்கு இத்தாலிய ஓட்டைப் பிடித்துக்கொண்டார், அது அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் விமலா பெக்லியும் கே.வி.ராமனும் 1989 முதல் 1992 வரை செய்த ஆய்வு, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்ததைக் காட்டியது. இடைக்காலத்துச் சீனப் பீங்கானும் இங்கே கிடைத்திருக்கிறது. ஒரே நாளில் காலியான ஊர் அல்ல இது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். கீழே கிடப்பதை எடுக்கக் கூடாது, ஒரு மணியைக்கூட. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதோடு சேர்ந்தால்தான் அந்த மணி எந்தக் காலத்தது, யாருடையது என்று சொல்ல முடியும். சட்டைப்பைக்குள் போய்விட்டால் அது வெறும் கண்ணாடித் துணுக்கு. எங்கள் கொங்குக் காடுகளிலும் இப்படித்தான் எத்தனையோ தாழியும் மணியும் விவரம் இல்லாமல் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

மேட்டைப் பார்த்து முடித்ததும் திரும்பிவிடாமல் வீராம்பட்டினம் கடற்கரை வரை நடந்துவிடுங்கள். முகத்துவாரத்தில் மணல் சேர்வதும் அதனால் படகு போக முடியாமல் தவிப்பதும் அங்கே மீனவர்களின் அன்றாடப் பேச்சு. கப்பல் கடலில் நிற்க, சரக்கு சிறுபடகில் ஆற்றுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது அந்த முகத்துவாரத்தைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். கரையில் இருக்கும் பெரியவர்களிடம் மணல் எந்த மாதம் அடைக்கும், எந்தக் காற்றுக்குத் திறக்கும் என்று கேளுங்கள். அவசரமில்லாமல் சொல்வார்கள்.