நாப்பத்திரண்டு கிலோ

எங்க சின்னம்மா செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷின்மேல் ஏறி நின்றாள். நாப்பத்திரண்டு கிலோ. "குப்பை வண்டி தள்ளறவங்க சிஸ்டர், நேரத்துக்குச் சோறு கிடையாது" என்று நான் காரணம் சொல்லப் போனேன். சிஸ்டர் அதற்காகக் கேட்கவில்லை. சின்னம்மாவுக்கு ஏற்றப்போகும் மருந்து உடம்பு எடைக்குத் தக்கபடி அளக்கப்படுவது. முதல் தடவை கிலோவுக்கு 8 மில்லிகிராம். அப்புறம் மூணு வாரத்துக்கு ஒருதடவை, கிலோவுக்கு 6. இப்படி ஒரு வருசம்.

சின்னம்மா கோயமுத்தூரில் இருபது வருசமாக ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. அருந்ததியர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த ஊர் எடுத்து வைத்திருக்கிற வேலை அதுதான். மாரில் கட்டி தட்டுப்பட்டதை எட்டு மாசம் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "ஒரு நா லீவு போட்டா அன்னிக்குக் கூலி போச்சு கண்ணு. வலிக்கவும் இல்ல, உட்டுட்டேன்" என்றாள்.

டாக்டர் நல்ல மனுசர். உட்காரவைத்துச் சொன்னார். "மார்புப் புற்றுநோய்னா எல்லாருக்கும் ஒரே நோய் இல்லீங்க. நூத்துல பதினஞ்சு இருபது பேருக்குக் கட்டியில ஹெர்2ங்கிற புரதம் அதிகமா இருக்கும். அவங்களுக்குத்தான் டிராஸ்டுசுமாப்னு ஒரு மருந்து. மத்தவங்களுக்குப் போட்டா பிரயோசனமில்ல, இருதயத்துக்கும் கெடுதல். இனிமே அவங்கவங்களுக்குத் தனித்தனி மருத்துவம்தாங்க."

தனி என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. கொங்கு நாட்டில் எங்களுக்குத் தராத தனி உண்டா? தனி வளவு, தனி டம்ளர், தனிச் சுடுகாடு. இப்போது தனி மருந்து. இந்தத் தனி நல்லதுக்கான தனி என்பது புரியாமல் இல்லை. ஆனால் இதற்கும் ஒரு வாசல் இருந்தது. அந்த வாசலிலும் நாங்கள் நின்றோம்.

முதல் பரிசோதனையில் 2+ என்று வந்தது. 3+ என்றால் மருந்து உண்டு. 0, 1+ என்றால் இல்லை. 2+ ரெண்டுங்கெட்டான். மரபணுவையே எண்ணிப் பார்க்கிற ஃபிஷ் பரிசோதனை செய்தால்தான் தெரியும். அட்டை சிகிச்சைக்குத்தான், இதை வெளி லேபில் காசு கட்டி எடுத்து வாங்க என்றார்கள் அந்த ஆஸ்பத்திரியில். தோட்டை அடகு வைத்து, குழுக்கடன் வாங்கி, பணம் புரட்டப் பத்தொன்பது நாள் ஆனது. மருந்து வேண்டும் என்று ரிசல்ட் வந்தது. குப்பியின் விலையை எண்ணுகிறவர்கள் அந்தப் பத்தொன்பது நாளை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

மருத்துவப் பொருளாதாரக்காரர்களிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது. நலத்தோடு கூடிய ஒரு வருச ஆயுள் கிடைக்க ஒரு மருந்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பார்கள். அது நாட்டின் சராசரி ஆளுக்கு வருகிற ஒரு வருச உற்பத்தி மதிப்புக்குள் அடங்கினால் கட்டுபடியாகும். 2020இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, டிராஸ்டுசுமாப்பை ஒரு வருசம் போடுவது அப்போதைய விலையில் கட்டுபடியாகாது, விலை இறங்கினால் ஆகும் என்றது. கணக்கில் தப்பில்லை. அந்தச் சராசரி ஆளைத்தான் நான் எங்கள் வளவில் பார்த்ததில்லை. அப்புறம், விலை என்ன மழையா, தானாக வந்து விழ? அதை வைத்தவன் ஒருவன் இருக்கிறான்.

ரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப்பின் கதையைத் தோழர்கள் மறக்கக் கூடாது. அதுவும் குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கான மருந்துதான். வழக்கு நடந்த காலத்தில் நோவார்ட்டிஸ் கம்பெனியின் கிளிவெக் மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து சுமார் 8,000. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருச வருமான வரம்பே 1,20,000தான். ஓர் ஏழைக் குடும்பத்தின் ஒரு வருசம், ஒரு மாச மாத்திரை! நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. மும்பைப் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்த்து நின்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளியது. அதே வருசம் டிராஸ்டுசுமாப்பின் இந்தியக் காப்புரிமையை ரோஷ் கம்பெனி கைவிட்டது. 2014இல் பெங்களூரு பயோகான் அதையொத்த மருந்தைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. சின்னம்மாவுக்கு ஏறுவதும் அப்படி வந்த ஒத்த மருந்துதான்.

ஒரு வருசம் முழுக்க வேண்டுமா என்பதும் கேள்வி. இங்கிலாந்தில் 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான பெர்செபோன் ஆய்வு, ஆறு மாசமே ஏறக்குறைய அதே பலன் தருவதாகக் காட்டியது. பாதி மருந்து போதுமா என்று எந்தக் கம்பெனி கேட்கும்? மக்கள் வரிப்பணத்தில் நடந்ததால் கேட்டார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தது 440 மில்லிகிராம் குப்பி. சின்னம்மாவுக்கு வேண்டியது 252. மீதி? சிஸ்டர் ஒரு வழி செய்திருந்தார். ஒரே வியாழக்கிழமையில் மூணு பேரை வரச் சொன்னார். சின்னம்மா 42 கிலோ. திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டுகிற பெண் 50. ஒரு தோட்டத்துக்காரம்மா 54. மூணு பேருக்கும் சேர்த்து 876 மில்லிகிராம், ரெண்டு குப்பி போதும். ஆளுக்கொரு நாள் வந்து மீதியைக் கொட்டினால் மூணு குப்பி. தனி மருத்துவம் ஏழைக்குக் கட்டுபடியாவது நாலு பேர் சேரும்போதுதான். கோர்ட்டில் பார்த்ததும் அதுதான், இந்தக் குப்பியில் பார்ப்பதும் அதுதான்.

தோட்டத்துக்காரம்மா என்றால் யாரென்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சின்னம்மா என் காதோடு சொல்லிச் சிரித்தாள்: "ஒரே டம்ளர்ல தண்ணி தர மாட்டாங்க. இப்பப் பாரு கண்ணு, ஒரே பாட்டல்." இதை வைத்து சாதி ஒழிந்தது என்று எழுத நான் தயாரில்லை. அந்தம்மா காரில் வந்தார், காரில் போனார். சின்னம்மா ரெண்டு பஸ் மாறிப் போனாள்.

நாம் கேட்க வேண்டியவை பெரிய விசயங்கள் அல்ல. மருந்தை முடிவு செய்யும் பரிசோதனை முதல் நாளே காசில்லாமல் நடக்க வேண்டும். குப்பி பகிர்வது ஒரு சிஸ்டரின் நல்ல மனசாக இல்லாமல் எல்லா ஆஸ்பத்திரியிலும் நடைமுறையாக வேண்டும். சிகிச்சை நாளுக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கூலி தர வேண்டும்.

வர்ற வியாழக்கிழமை எட்டாவது ஊசி. சின்னம்மாவுக்கு அன்றைக்கும் கூலி கிடையாது.