திருப்பிப் பாரு அம்மிணி

சித்தி மகள் கோபிசெட்டிபாளையத்தில் பத்து வருஷமாக ஆரி வேலை செய்கிறாள். முகூர்த்த மாதங்களில் குனிந்து குனிந்து கழுத்து வலி கூடவே தங்கிவிட்டது. "அக்கா, எம்பிராய்டரி மெஷின் ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன், கூட வா" என்றாள். கையில் நாலு கடைகளின் விலைப்பட்டியல். நாலிலும் முதல் வரி வேகம்தான்: நிமிஷத்துக்கு 1,000 தையல், 1,200 தையல். விற்கிறவர்களிடம் போவதற்கு முன்னால் ஓட்டுகிறவர்களைப் பார்த்துவிடலாம் என்று அவளைத் திருப்பூருக்கு அழைத்துப் போனேன்.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு வீடு. முன்கூடத்தில் ஒற்றைத் தலை மெஷின், 15 ஊசி. ஓட்டுகிற அம்மா முன்பு கம்பெனியில் இருபது தலை மெஷினில் நின்றவர். இப்போது பனியன் கம்பெனிகளுக்கு லோகோவும், தெருவில் உள்ள தையல்காரர்களுக்கு ஜாக்கெட்டும் போட்டுத் தருகிறார். விலைப்பட்டியலை நீட்டினோம். வாங்கவேயில்லை. "என்ன துணி போடப் போற அம்மிணி?" என்றுதான் கேட்டார்.

பட்டு ஜாக்கெட் என்றாள். உடனே இன்ச் டேப் வந்தது. பின்கழுத்தும் இரண்டு கையும் வெட்டாத துணியிலேயே வரைந்து, ஒரே பிடிப்பில் போட்டு முடித்துவிட வேண்டுமாம். அதற்கு 500க்கு 800 மில்லிமீட்டர் சட்டம் இருந்தால் நிம்மதி. பட்டியலில் விலை குறைந்தது ஒற்றை ஊசி வீட்டு மெஷின். அதன் சட்டம் 200க்கு 280. பின்கழுத்தையே இரண்டு தடவை மாட்டிப் போட வேண்டியிருக்கும். இணைப்பு ஒரு நூல் விலகினாலும் கல்யாணப் பெண் கண்ணில் அதுதான் முதலில் படும். நிறத்துக்கு நிறம் நூல் மாற்றுகிற வேலை வேறு. பழகிக்கொள்ள அந்த மெஷின் நல்லதுதான். ஆர்டர் எடுத்துப் பிழைக்கிறவளுக்குப் போதாது.

வேகத்தைப் பற்றி நான்தான் கேட்டேன். "ஆயிரத்துல ஓட்டினா நூல் அறுந்துட்டே இருக்குமுங்க. நான் எழுநூறு, எண்ணூறுக்கு மேல போறதில்ல. ஜரின்னா ஐநூறு." மனசுக்குள் கணக்குப் போட்டேன். 80,000 தையல் உள்ள ஜாக்கெட் எண்ணூறு வேகத்தில் நூறு நிமிஷம். நூல் அறுவது, பாபின் மாற்றுவது எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரு நாளைக்கு இத்தனை ஜாக்கெட் என்று விற்பவர் சொல்லும் கணக்கை இதோடு ஒட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பிறகு அவர் செய்து காட்டியதை நான் மறக்க மாட்டேன். பாபின் கேஸைக் கழற்றி, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டார். கையை லேசாக ஒரு உதறு. கேஸ் இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. சர்ரென்று கீழே போனால் நூல் தளர்வு, அசையாமல் தொங்கினால் இறுக்கம். பக்கத்திலுள்ள குட்டித் திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி தொங்கவிட்டுக் காட்டினார். அடுத்து, போட்டு முடித்த சிவப்புப் பூ ஒன்றை எடுத்தார். இவள் ஆசையாகத் தடவப் போனாள். "முன்னாடி பாக்காத, திருப்பிப் பாரு அம்மிணி." பின்பக்கம் ஒவ்வோர் இதழிலும் நடுவில் வெள்ளைப் பாபின் நூல் ஒரு பங்கு, இருபுறமும் சிவப்பு ஒவ்வொரு பங்கு. "இந்த மூணு பங்கு சரியா வந்தா மெஷின் நல்லாருக்குன்னு அர்த்தம். கடையில அவங்க துணியில போட்டுக் காட்டுவாங்க. நீ உன் பட்டைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லு." பத்து வருஷம் ஊசி பிடித்த என் தங்கை அந்தப் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடன் பேச்சும் வந்தது. பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு. ஆனால் அது கையில் வராது, மூன்று வருஷம் வங்கியில் வைப்பாகக் கிடக்கும். தவணையை அதுவரை வேலைதான் கட்ட வேண்டும். மெஷின் நின்றால் தவணை நிற்காது.

அதனால்தான் கிளம்பும்போது அவர் கேட்ட கேள்வி பெரிதாகப் பட்டது. "இங்க போன் போட்டா அரை மணியில மெக்கானிக் வந்துருவாருங்க. ஊசியும் ஹூக்கும் நேரம் தப்பிப்போச்சுன்னா உங்க ஊருக்கு யாரு வருவாங்க?"

பஸ்ஸில் ஏறியதும் தங்கை நாலு கடைக்கும் போன் போட்டாள். விலை பேசவில்லை, இதை மட்டும் கேட்டாள். இரண்டு பேர் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார்கள், எந்த நாள் என்று சொல்லவில்லை. ஒருவர் பேச்சை மாற்றினார். நாலாவது ஆள் சத்தியமங்கலத்தில் தன்னிடம் மெஷின் வாங்கிய ஒரு வீட்டைச் சொல்லி, நேரில் போய் விசாரித்துக்கொள்ளச் சொன்னார். புதன்கிழமை போகிறோம். அரை மீட்டர் பட்டும் ஒரு கண்டு ஜரியும் இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டாள்.