ஏழு குன்றும் என் பயமும்

எங்களுக்கு ஈரோட்டில் பைப், ஹார்டுவேர்ஸ் கடை. நன்றாக வியாபாரம் செய்த டீலர்களைத் தம்பதியாக இஸ்தான்புல்லுக்கு அழைத்துப் போகிறோம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். "உனக்கென்ன, கொடுத்து வைத்தவள்!" என்றார்கள் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது.

காரணத்தை வெளியே சொல்ல முடியுமா? இரண்டு பிரசவம் ஆனவள் நான். நாற்பதைத் தாண்டியதிலிருந்து தும்மினால், இருமினால், படியேறினால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிந்துவிடும். கல்யாண வீடோ, கோயிலோ, போனதும் கண் முதலில் தேடுவது பாத்ரூமைத்தான். வெளியே கிளம்பும் நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். ஆறு வருஷமாக இதே கதை. கட்டியவரிடம்கூட மூச்சு விட்டதில்லை.

நாங்கள் தங்கியது ஊரின் பழைய பகுதியில். அது ஒரு தீபகற்பம். வடக்கே தங்கக் கொம்பு என்கிற கழி, கிழக்கே பாஸ்பரஸ் ஜலசந்தி, தெற்கே மர்மரா கடல். மேற்கில் மட்டும்தான் தரை. அங்கே ஐந்தாம் நூற்றாண்டுக் கோட்டைச் சுவர். நடுவில் ஏழு குன்றுகள். அந்தக் குன்றுகளின் மேல் ஒரு சாண் இடம் விடாமல் வீடு, கடை, மசூதி! 1985-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடமாம். பெருமைதான். ஆனால் தெருவெல்லாம் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். 'வகையாக மாட்டிக்கிட்டோம்' என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஹாகியா சோபியா. 537-ல் கட்டி முடித்த தேவாலயம் அது. 1453-ல் மசூதியாகி, 1935-ல் மியூசியமாகி, 2020-லிருந்து மறுபடியும் மசூதி. எதிரே ஆறு மினார்களோடு நீல மசூதி. பக்கத்திலேயே பூமிக்கடியில் ஆறாம் நூற்றாண்டுத் தண்ணீர்த் தொட்டி. 336 தூண்கள்! எல்லோரும் வாய் பிளந்து நிற்க, இருட்டில் எங்கேயோ தண்ணீர் சொட்டும் சத்தம். என் நிலைமைக்கு அது வேறா! முதலில் வெளியே ஓடி வந்தவள் நான்தான்.

மறுநாள் மசாலாக் கடைவீதி. அதைச் சேர்ந்த புது மசூதியை 1597-ல் ஆரம்பித்தவர் ஒரு ராஜமாதா. பாதியில் நின்றுபோனதை 1660-களில் முடித்துவைத்தவர் இன்னொரு ராஜமாதா. கடை வாடகையெல்லாம் மசூதிச் செலவுக்காம். கெட்டிக்காரப் பெண்கள்! கடைக்காரர் சின்னக் கண்ணாடி கிளாஸில் டீ நீட்டினார். "வேண்டாம்" என்று தலையாட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் இஷ்டம். "பாலாட் பக்கம் இரும்பிலேயே ஒரு சர்ச் கட்டியிருக்காங்களாம், பாக்கணும்" என்றார் இவர். கடைக்காரர் புத்தி! டிராமில் போனோம். வியன்னாவில் வார்த்த துண்டுகளைக் கப்பலில் கொண்டுவந்து கோத்து, 1898-ல் திறந்தார்களாம். இவர் சுவரை விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, "கல்லுன்னு நினைச்சா இரும்பு!" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

அங்கிருந்து பாலாட் தெருக்களில் ஏறினோம். 1492-க்குப் பிறகு ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் குடியேறிய பேட்டை. ஒட்டி ஒட்டிக் கலர் கலராக வீடுகள். எதிரெதிர் ஜன்னலுக்குக் கொடி கட்டித் துணி காய்கிறது. இவர் முன்னால் விறுவிறுவென்று ஏற, பாதி மேட்டில் எனக்கு அடுக்கடுக்காய்த் தும்மல். அவ்வளவுதான். புடவை நனைந்துவிட்டது. ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

"என்ன கண்ணு, என்னாச்சு?" என்று ஓடி வந்தார். இனி மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு வருஷமாவா? ஊருக்கெல்லாம் லீக்குக்கு வழி சொல்றவன்கிட்டச் சொல்லாம விட்டுட்டியே!" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

வாசல் கழுவிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா எங்களைப் பார்த்தார். பாஷை தெரியாது. என் முகத்தையும் புடவையையும் பார்த்தவர், கையைப் பிடித்து வீட்டுக்குள் பாத்ரூமுக்கே கூட்டிப்போனார். வெளியே வந்ததும் அதே சின்னக் கிளாஸில் டீ. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

ஊர் திரும்பிய வாரமே இவரே லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார். "இத்தனை நாள் ஏம்மா வரலை?" என்றார் டாக்டர். கிருமித் தொற்று இருக்கிறதா என்று முதலில் சோதித்தார். பிறகு ஒரு பயிற்சி. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து, மெல்லத் தளர்த்த வேண்டும். வேளைக்குப் பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகக் கூடாது. தண்ணீரைக் குறைத்தால் எரிச்சலும் மலச்சிக்கலும்தான் மிச்சம் என்று கண்டித்தார். மூன்று மாதம் விடாமல் செய்தேன். முழுக்க நிற்கவில்லை, ஆனால் முக்கால்வாசி குறைந்துவிட்டது.

ஹாகியா சோபியாவை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு பயத்தைக் கட்டிக்கொண்டே அத்தனை பெரிய ஊரைச் சுற்றினேன். பிரசவித்த பெண்கள் எத்தனையோ பேருக்கு இருக்கிற தொந்தரவுதானாம் இது. உங்களுக்கும் இருந்தால், என்னைப்போல் ஏழு குன்று ஏறும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே வீட்டில் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.