மாமாவின் மதுரை டயர்

ஐம்பதுகளின் கடைசியில் என் தாய்மாமன் ஒரு பழைய எம்.ஜி. காரை மேலூரிலிருந்து ஓட்டிக்கொண்டு சென்னைக்கு வடக்கே சோழவரம் விமானத்தளத்தில் நடந்த மோட்டார் பந்தயத்துக்குப் போய், 'மதுரையில் செய்த டயரிலேயே' ஓடித் திரும்பினார் என்ற கதையை, கல்யாணமானாலும் கருமாதியானாலும் எங்கள் வீட்டில் எவராவது ஒருவர் பிரஸ்தாபிக்காமல் பந்தி கலைந்ததில்லை. சோழவரத்தைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. என்னை உறுத்தியதெல்லாம் அந்த டயர்தான். வெள்ளரிப்பட்டியில் நாம் இன்று பஸ்ஸிலிருந்து பார்க்கும் டயர் ஆலை எண்பதுகளில் வந்தது. அதன் கீர்த்தியும் பெரும்பாலும் இரு சக்கர வண்டிகளைச் சார்ந்தது. அப்படியிருக்க, அந்நாளில் மதுரையில் கார் டயர் வார்த்தவர் யார்?

மாமா காலமான பிறகு அந்தக் கார் என்னிடம் வந்திராவிட்டால் இந்தக் கேள்வியை நானும் மென்று விழுங்கியிருப்பேன். வந்த காரின் நான்கு டயர்களும் மொட்டை. இரண்டே பேர் அமரும் திறந்த கார் என்று கேட்டதும், நகரத்து டயர் கடை ஒன்றில் இருந்த இளைஞர் மிகுந்த உற்சாகத்தோடு, அகன்று தாழ்ந்து பக்கச்சுவரே இல்லாததுபோல் தோன்றிய ஒரு ஜோடியை உருட்டிக்கொண்டு வந்தார். அதன் மேல் 'டபிள்யூ' என்ற எழுத்து இருந்தது. மணிக்கு 270 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது அதன் பொருள். 1250 சி.சி.யும் 54 குதிரைச் சக்தியும் கொண்டு, பின்காற்று அடித்தால் 125 கிலோமீட்டரை எட்டிப்பிடிக்கும் என் டி.டி. மாடலுக்கு இந்த வரம் எதற்கு? அதன் சக்கர விளிம்பின் அகலமோ நான்கே அங்குலம். அதில் இந்த டயரை ஏற்றுவது குழந்தையின் காலில் தாத்தாவின் செருப்பை மாட்டுவதற்குச் சமம். பிறகு அவர் 'புதுசு' என்று எடுத்து வந்த குறுகிய டயரின் பக்கத்தில் இருந்த நான்கு இலக்கங்களைப் படித்தேன். முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் வருஷம். அந்த ஜாதகத்தின்படி அதற்கு ஒன்பது வயது. தரையைத் தொடும் பட்டன் முழுசாக இருந்தும் ரப்பர் முதிர்ந்து இறுகியிருந்தது. மழைச் சாலையில் அது பிடிக்கும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

காருக்கு உரிய அளவு 5.50-15. அம்பாசிடரின் 5.90-15ஐ மாட்டிச் சமாளிப்பது ஒரு பழைய யுக்திதான். ஆனால் 2014இல் அம்பாசிடரே நின்றுபோனதிலிருந்து அந்த அளவும் அருகிவிட்டது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு அனுமதி பெற வேண்டும் என்றான பிறகு வெளிநாட்டுச் சரக்கும் எளிதாகக் கைக்கு வருவதில்லை.

"பரண்ல உங்க மாமா டயர் கிடக்குதே, அதை எடுத்து அளந்து பாரேன்" என்றார் அத்தை. அந்த மதுரை டயர் இன்னும் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்! இறக்கித் துடைத்தால், பக்கச்சுவரில் 'டன்லப்' என்ற பெயர் பிரத்தியட்சமாகத் தெரிந்தது. டன்லப் கம்பெனி வங்காளத்துச் சாகஞ்சில் 1936இல் ஆலை தொடங்கியது. இது அங்கே பிறந்ததா, காரோடு இங்கிலாந்திலிருந்து வந்ததா என்று சொல்லியிருக்கக்கூடிய இடத்தை மட்டும் எலி தின்றிருந்தது. மற்ற எல்லா இடத்தையும் விட்டுவிட்டு அதை மட்டும் தின்ற எலியின் ரசனையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எஞ்சிய மேடுபள்ளத்தில் சாக்பீஸைத் தேய்த்தும், காகிதம் வைத்துப் பென்சிலால் உரசியும், சாய்வெளிச்சத்தில் படமெடுத்தும் இரண்டு மாதம் கழித்தேன். கிடைத்தது ஒன்றரை எழுத்து.

கடைசியில் யானைக்கல் பக்கத்துச் சந்தில், முப்பது வருஷம் ரீபட்டன் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு முதியவரிடம் அதைக் கொண்டுபோனேன். (பட்டன் என்பது 'பேட்டர்ன்' என்பதன் மரூஉவாக இருக்கலாம் என்பது என் யூகம், அவருக்கு அதில் சிரத்தை இல்லை.) நான் எழுத்துகளைக் காட்டக் காட்ட, அவர் அவற்றைப் பார்க்க மறுத்தார். கட்டைவிரலால் டயரின் தோளை அழுத்தினார். நகத்தால் ஓரிடத்தைக் கீறி முகர்ந்தார். "டீ சொல்லுங்க தம்பி" என்றார். மறுநாளும் அதே அழுத்தல், அதே முகர்தல், அதே டீ. மூன்றாம் நாள் பொறுமையிழந்து, "ஐயா, இது எந்த ஊர் டயர்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"எந்தப் பாதி?" என்றார்.

தோளருகே மயிரிழைபோல் ஓடிய ஒரு கோட்டைக் காட்டினார். கோட்டுக்குக் கீழே கூடு. மேலே வேறு ரப்பர். தேய்ந்த டயரை ராவி, பசை தடவி, புது ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, நீராவி அச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தால் இந்தக் கோடு விழும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. யுத்த காலத்தில், 1942இல் மலேயா ஜப்பானியர் கைக்குப் போய் ரப்பருக்குப் பஞ்சம் வந்தபோது தேய்ந்த டயரும் நிதியாயிற்று. பெட்ரோல் தட்டுப்பாட்டுக்குக் கரிவாயுக் கலம் செய்து பஸ் ஓட்டிய நம் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார், டயர் புதுப்பிக்கும் ஆலையையும் தொடங்கினார் அல்லவா? 1952 முதல் திருவொற்றியூரில் எம்.ஆர்.எப். கம்பெனி பட்டை ரப்பர் செய்யத் தொடங்கிய பின் இத்தொழில் இன்னும் பரவியது. ஆக, எங்கள் டயர் மதுரையில் பிறக்கவில்லை; மதுரையில் தோல் போர்த்திக்கொண்டது. பாதிக் கதை மெய்யாயிற்று என்ற சந்தோஷத்தில் நான் எழுந்தேன்.

"உக்காருங்க. இதைப் போட்டுப் பந்தயத்துல ஓட்டுனாருன்னு சொன்னீங்கள்ல?" என்றவர், என் விரலைப் பிடித்துப் பட்டனின் உட்குழியில் வைத்தார். குச்சி குச்சியாக ஏதோ நெருடிற்று. அச்சில் காற்றுப் போகும் துளைகளில் ரப்பர் பிதுங்கி நிற்பதால் உண்டாகும் முடி அது. "மேல் முடியெல்லாம் நூறு மைலு ஓடுனாலே உதிர்ந்துரும். இதுல மேலயே பாதிக்கு மேல நிக்கிது. இது தரையையே சரியாப் பார்க்கலை தம்பி. அந்த வேகத்துல ஓட்டியிருந்தா சூட்டுல பட்டை உரிஞ்சு பறந்திருக்கும். அது தெரிஞ்ச மனுசன் உங்க மாமா."

அந்தக் காரில் மாற்றுச் சக்கரம் பின்புறம், பெட்ரோல் டாங்கின் முதுகில் நிமிர்ந்து நிற்கும். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். மாமா அந்த ரீபட்டன் டயரை ஸ்டெப்னியாக மாட்டிச் சென்றிருக்கிறார். ஊர் அதைப் பார்த்திருக்கிறது!

டயர் தேர்வும் அந்த முதியவரிடமே முடிந்தது. நான் வேகத்தைப் பற்றிப் பேச, அவர் "வண்டி எங்க ஓடுது?" என்று கேட்டார். மேலூர்ச் சாலை, சித்திரை வெயில், திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் மழை பெய்தால் ஏறும் வழுக்கல் என்றேன். அகலத்தைத் தேடாதே, வயதைப் பார், நான்கும் ஒரே ஜாதியாக இருக்கட்டும், ரேடியலையும் நைலானையும் கலக்காதே என்பது அவர் அபிப்பிராயம். 165 ஆர் 15, எடைக் குறி 86, வேகக் குறி எஸ்: ஒரு டயருக்கு 530 கிலோ, மணிக்கு 180 கிலோமீட்டர். என் காருக்கு அதுவே உபரி. நான்கு டயர் வந்து சேர ஐந்து மாதமாயிற்று. ஒத்தக்கடையில் ஆனைமலையைச் சுற்றித் திரும்பும்போது ஸ்டியரிங் முன்னைக்காட்டிலும் சற்றுக் கனக்கிறது. ஆனால் வண்டி சொன்ன கோட்டில் போகிறது.

அத்தையிடம் எல்லாவற்றையும், முடி உட்பட, விவரமாகச் சொன்னேன். முறத்திலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டவர், "ஸ்டெப்னின்னா என்ன, அதுவும் சோழவரம் போயிட்டு வந்துச்சுல்ல? எலி கடிக்காத இடமாப் பார்த்து வையி" என்றார்.