ஃபேன் இல்லை, ஏ.சி இல்லை... ஆனாலும் கூல்! - பத்மநாபபுரம் அரண்மனையில் ஓர் 'ஆபீஸ்' விசிட்

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில், மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். நாலு பக்கமும் கண்ணாடி. ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வரும். அதை விரட்ட ஏ.சி-யை 18-ல் வைப்பார்கள். குளிர் தாங்காமல் நாங்கள் ஸ்வெட்டரைத் தேடுவோம். ஒருநாள் மதியம் கரன்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்ய, அரை மணி நேரத்தில் மொத்த ஆபீஸும் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சமீபத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னோர் 'ஆபீஸை'ப் பார்த்தபோது, அந்த மதியம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினால், ஆரல்வாய்மொழியை நெருங்கும்போதே முப்பந்தல் காற்றாலைகள் வரவேற்கின்றன. கணவாய்க் காற்றைப் பிடித்து மின்சாரமாக்கும் ராட்சத விசிறிகள். நாகர்கோவிலைத் தாண்டி தக்கலையில் இறங்கினால், சற்றுத் தூரத்தில் வேளிமலை அடிவாரத்தில் பத்மநாபபுரம் கோட்டை. அதற்குள்தான், சுமார் 1601-ல் கட்டத் தொடங்கிய அரண்மனை இருக்கிறது. மார்த்தாண்ட வர்மா (1729-1758) காலத்தில் அது விரிந்து வளர்ந்தது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை, திருவிதாங்கூரின் நிர்வாகம் இங்கிருந்துதான் நடந்தது. 1956-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தாலும், இந்த அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது.

ராஜாவின் மீட்டிங் ரூம்

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். வெயிலில் காய்ந்த முற்றத்தில் குதித்துக் குதித்துத்தான் பூமுகத்தை அடைந்தேன். அங்கிருந்து குறுகலான மரப்படிகளில் ஏறினால் மந்திரசாலை. மன்னர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய இடம்.

உள்ளே கால் வைத்ததும் பாதம் குளிர்கிறது. கறுப்புக் கண்ணாடி போல மின்னும் தரை. சுண்ணாம்பு, எரித்த சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்கிறார்கள். எனக்குப் பின்னால் பேத்தியின் கையைப் பிடித்து ஏறி வந்த ஒரு பாட்டி, "என்னா குளுமை மக்களே!" என்று அப்படியே நின்றுவிட்டார்.

ரகசியம் தரையில் மட்டும் இல்லை. சுவர் நெடுக சாய்வான மரச்சட்டங்கள், வண்ண அபிரகத் தகடுகள் பதித்த ஜன்னல்கள். காற்றுக்கு அனுமதி உண்டு. நேர் வெயிலுக்கும் தூசிக்கும் இல்லை. கூரையின் இறவாணம் நன்றாகத் தாழ்ந்து இறங்குவதால், சுவர் நிழலிலேயே இருக்கிறது. சூடான காற்று மேலே போகும் என்பது நமக்குத் தெரியும். உயரமான ஓட்டுக்கூரை அதற்கு இடம் கொடுக்கிறது. ஓடும் மரமும் கான்கிரீட் அளவுக்குச் சூட்டைச் சேமித்து வைத்து ராத்திரி வரை உமிழ்வதில்லை. கடலோர ஊரின் புழுக்கத்துக்கு மேலே படும் காற்றுதான் மருந்து. கட்டியவர்கள் அதைப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மந்திரசாலை கொஞ்சம் இருட்டு. நூறு கம்ப்யூட்டர்களை அடுக்கினால் இந்தக் குளுமை நிற்காது. அதனால் 'அப்படியே காப்பியடிப்போம்' என்று நான் சொல்லவில்லை. இங்கே கற்க வேண்டியது வரிசையை. முதலில் நிழல், அடுத்து காற்று, கடைசியில்தான் மெஷின். நாம் கண்ணாடியைப் போர்த்திவிட்டு, மெஷினில் இருந்து தொடங்குகிறோம்.

பழைய ஆபீஸ் கட்டடத்திலும் இந்த வரிசையைத் திருப்ப முடியும். வெயில் விழும் ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ சன்ஷேடோ வைப்பது பலன் தரும். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெப்பம் உள்ளேதானே தங்கும்! சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் வரை இழுக்கும், பி.எல்.டி.சி ஃபேனுக்கு 30 வாட் சொச்சம் போதும். ஏ.சி-யில் ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. ஸ்டார் ரேட்டிங் பெற்ற ரூம் ஏ.சி-கள் 2020 முதல் 24 டிகிரி செட்டிங்குடனேயே வருவதும் அதனால்தான்.

முற்றத்தில் விழும் மழை

மந்திரசாலையிலிருந்து தாய்க்கொட்டாரத்துக்கு வந்தேன். அரண்மனையின் மிகப் பழைய பகுதி. நாலுகட்டு வீடு, நடுவில் வானம் பார்த்த முற்றம். நாலு பக்கக் கூரை மழையும் கண்ணெதிரே வந்து விழும். அரண்மனைக்குள்ளேயே படிக்கட்டு வைத்த குளமும் இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது, இங்கே வாழ்ந்தவர்களின் பார்வையிலேயே இருந்திருக்கிறது.

நமக்கோ அது பைப்பிலிருந்து வருகிறது. வராதபோதுதான் யோசிக்கிறோம். 2019 கோடையில் சென்னை ஓ.எம்.ஆரில் சில ஐ.டி நிறுவனங்கள், தண்ணீர்த் தட்டுப்பாட்டால் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கும். கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது 2003-ல். 16 வருடங்கள் கழித்தும் அந்த நிலை!

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இரண்டு பருவமழையும் பார்க்கும் குமரியில் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டரைத் தாண்டும். 200 சதுர மீட்டர் மொட்டைமாடி உள்ள சின்ன ஆபீஸ் மீதே 2 லட்சம் லிட்டர் விழுகிறது. கொஞ்சம் வீணானாலும், கழிவறைக்கும் செடிகளுக்கும் எத்தனை டேங்கர் லாரியை மிச்சப்படுத்தலாம்! இதோடு ஒழுகும் குழாயைச் சரிசெய்து, பெரிய ஃப்ளஷ் தொட்டியை இரட்டை பட்டன் தொட்டியாக மாற்றினால், சேர்த்த தண்ணீர் இன்னும் பல நாள் வரும்.

திரும்பும்போது மறுபடியும் முப்பந்தல். விசிறிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அவை அனுப்பும் மின்சாரத்தில் ஏதோ ஓர் ஆபீஸில் யாரோ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது.

பத்மநாபபுரத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் போகலாம். மந்திரசாலையில் ஐந்து நிமிடமாவது சும்மா நின்று பாருங்கள். அப்புறம் உங்கள் ஆபீஸுக்குப் போனதும், பக்கத்தில் இருக்கும் ஜன்னல் திறக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்களேன்!