அலாஸ்கா கப்பலுக்கு இப்போதே பணம் கட்டலாமா?

2025 செப்டம்பர், கடைசி வாரம்

சியாட்டிலில் அலாஸ்கா சீசன் முடியப் போகிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து பியர் 66, பியர் 91 இரண்டிலும் வந்து நின்று வடக்கே போன கப்பல்கள், அக்டோபர் தாண்டினால் மெக்சிகோ, கரீபியன் பக்கம் நகர்ந்துவிடும். அடுத்த கோடைக்கான அறைகளின் விற்பனை எப்போதோ தொடங்கிவிட்டது.

சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவில் மென்பொருள் வேலையில் இருக்கும் மதுரைப் பெண் ஒருவர், 2026 ஜூலையில் பெற்றோரை அந்தக் கப்பலில் அழைத்துப் போக நினைக்கிறார். கணவர், எட்டு வயது மகன், அப்பா, அம்மா என்று மொத்தம் ஐந்து பேர். அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்மானம், படி ஏறினால் வலிக்கும். வீடியோ அழைப்பில் விலையைக் கேட்டதும் அவர் சொன்னார்: “இப்ப எதுக்கும்மா அவசரம்? ரூம் மிஞ்சுச்சுன்னா அவனே வெலையக் கொறைப்பான். பொறுத்துப் பாப்போம்.”

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. விற்காத சேலையை ஆடித் தள்ளுபடியில் போடலாம், அதிலும் போகாவிட்டால் அடுத்த ஆடிவரை அலமாரியில் வைக்கலாம். கப்பல் அறைக்கு அந்த வசதி கிடையாது. கப்பல் கிளம்பிய நிமிடமே காலி அறை நஷ்டக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆள் ஏறினால் மது, சூதாட்டக் கூடம், கரைச் சுற்றுலா என்று கப்பலுக்குள்ளும் செலவழிப்பார். அதனால் கடைசி வாரங்களில் விலையைக் குறைத்தாவது அறையை நிரப்புவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

அந்த வழக்கம் அடியோடு போய்விடவில்லை, மெலிந்திருக்கிறது. கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான கிளியா தரும் கணக்குப்படி, 2019இல் உலகம் முழுக்க 2.97 கோடிப் பேர் கப்பல் சுற்றுலா போனார்கள். 2024இல் அது 3.46 கோடி. கூட்டம் இப்படி ஏறும்போது, முன்கூட்டியே அறையை விற்று விலையைப் பிடித்து வைக்கத்தான் நிறுவனங்கள் பார்க்கும். கடைசி வாரத்தில் மிஞ்சுபவை பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள்ளறைகளும் எவரும் விரும்பாத மூலைகளும்.

அலாஸ்காவில் இன்னொரு சங்கதியும் உண்டு. கப்பல் எத்தனை கட்டினாலும் கரையும் பனிமலையும் பெருகாது. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிக் கப்பல்களுக்கு மேல் அனுமதி கிடையாது. தலைநகர் ஜூனோ, 2024 முதல் நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு போட்டிருக்கிறது. 2026 முதல் படுக்கை எண்ணிக்கைக்கும் வரம்பு: ஞாயிறு முதல் வெள்ளி வரை 16,000, சனிக்கிழமை 12,000. கரீபியனில் ஒரு துறைமுகம் நிரம்பினால் பக்கத்துத் தீவுக்குப் போகலாம். கிளேசியர் பேக்கு மாற்று கிளேசியர் பேதான்.

அக்டோபர், இரண்டாம் வாரம்

மகள் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்க்கிறார். சியாட்டில், ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெச்சிக்கன், கடைசி மாலை கனடாவின் விக்டோரியா, மறுநாள் காலை சியாட்டில். விக்டோரியாவில் கப்பல் நிற்பது சில மணி நேரம், அதுவும் இருட்டும் வேளையில். ஏழு நாள் பயணத்தில் அந்த நிறுத்தம் எதற்கு?

காரணம் 1886இல் அமெரிக்கா போட்ட பயணிக் கப்பல் சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் சுற்றிவிட்டு வரக் கூடாது. அலாஸ்கா போகும் பெரிய கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, நெதர்லாந்து போன்ற கொடிகளில் ஓடுபவை. கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது இந்தச் சட்டம் அலாஸ்காவின் ஊர்களையே பட்டினி போடப் பார்த்தது. 2021 மே மாதம் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிய பிறகே அந்தக் கோடையில் சில கப்பல்களாவது ஓடின.

140 வருடப் பழைய சட்டம் மதுரை வீட்டுக்குள் நுழைவது இந்த இடத்தில்தான். கப்பல் விக்டோரியாவைத் தொடுவதால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கனடா விசா வேண்டும். மகனுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட், கவலையில்லை. மகளும் கணவரும் ஹெச்-1பியில் இருப்பவர்கள், அவர்களுக்கும் விசா தேவை. அப்பா, அம்மாவின் பத்து வருட அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகை என்பதால் திரும்பி வருவதில் சிக்கல் இல்லை. ஆனால் கனடா விசாவுக்கு விண்ணப்பித்து, சென்னைக்குப் போய்க் கைரேகை பதித்து, பாஸ்போர்ட்டை அனுப்பி, முத்திரையோடு அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கடைசி நிமிடத் தள்ளுபடி யாருக்கு என்பது இந்த ஒரு விவரத்திலேயே தெரிந்துவிடுகிறது. துறைமுகத்துக்குக் காரில் போகக்கூடிய தூரத்தில் வீடு இருக்க வேண்டும். விசா கேட்காத பாஸ்போர்ட் வேண்டும். பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு என்ற கட்டு எதுவும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்குக் காத்திருப்பது லாபம். மதுரையிலிருந்து இரண்டு விமானம் மாறி வர வேண்டிய பெரியவர்களுக்கு, மூன்று வாரத்துக்கு முன்னால் விலை பாதியானால் என்ன பயன்? அந்த அறையில் ஏற அவர்களால் முடியாது.

நவம்பர், முதல் வாரம்

ஐந்து பேருக்கு இரண்டு அறை. பெற்றோருக்கு ஒன்று, மற்ற மூவருக்கு ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். கேட்க எளிதாக இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை.

பெரும்பாலான அறைகள் இருவருக்கானவை. மூன்றாவது படுக்கையைச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறக்கும் வசதி சில அறைகளில்தான் உண்டு. அந்த அறை காலியாக இருந்தாலும் மூன்றாவது ஆளை ஏற்ற முடியாமல் போகலாம், காரணம் உயிர்காக்கும் படகுகள். கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆபத்துக் காலத்தில் கூட வேண்டிய இடமும் அதற்கான படகுகளும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் முன்பதிவு செய்து படகின் கணக்கு நிறைந்துவிட்டால், அங்கே மிச்சமிருக்கும் அறைகளை இரண்டு பேருக்கு மட்டுமே விற்பார்கள். ஜூலையில் குழந்தையோடு போகும் குடும்பம் பொறுத்திருந்தால் விலைக்கு முன்னால் கட்டிலை இழக்கும். எழுதுகிறவரின் பார்வையில் முன்பதிவுக்கான பெரிய காரணம் இதுவே. விளம்பரங்களில் இதைக் காண முடியாது.

அப்பாவின் அறைக்காக மகள் கப்பலின் தளப்படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கிறார். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே வேண்டாம், விடியற்காலையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். நாடக அரங்குக்கு மேலும் வேண்டாம். வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் தீவுகளுக்கு நடுவே ஒதுங்கிப் போகும். சியாட்டில் கப்பல்களோ பொதுவாக வான்கூவர் தீவின் மேற்கே திறந்த கடலில் போகின்றன, அங்கே ஆட்டம் இருக்கும். ஆகவே கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி, லிஃப்டுக்குப் பக்கம். அப்படி ஓர் அறை அகப்படுகிறது. அதன் குளியலறைப் படத்தைப் பார்த்தால் வாசலில் உயர்ந்த விளிம்பு, உள்ளே தொட்டி. அந்த முழங்காலோடு அப்பா ஈரத் தொட்டியின் விளிம்பைத் தாண்ட முடியாது. தொட்டி இல்லாமல் ஷவர் மட்டும் உள்ள அறை அதே தளத்தில் ஒன்றிரண்டுதான் மிச்சம்.

அன்றிரவே முன்பணம் கட்டப்படுகிறது. கட்டுவதற்கு முன் மகள் கேட்டு உறுதி செய்துகொண்டது ஒன்று: முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையா? திரும்பாத வகை கொஞ்சம் மலிவு. ஆனால் விசா இன்னும் கைக்கு வராத குடும்பத்துக்கு அந்த மலிவு ஆகாது.

டிசம்பர்

அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. “ஒரு வருசம் முன்னாடியே பணத்தக் குடுத்துட்டு, கப்பலே வரலேன்னா?”

வராத கப்பல்கள் உண்டு. ‘லைஃப் அட் சீ’ என்ற பெயரில் மூன்று வருட உலகப் பயணம் ஒன்றை 2023இல் விற்றார்கள். நவம்பர் 1 அன்று இஸ்தான்புல்லில் கிளம்ப வேண்டியது. வாங்குவதாக இருந்த கப்பலை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொள்ள, பயணமே ரத்தானது. வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து நின்றவர்களும் அதில் இருந்தார்கள். அடுத்த வருடம் ‘வில்லா வீ ஒடிஸி’ மே கடைசியில் கிளம்ப வேண்டியது, பழுது பார்ப்பு நீண்டு செப்டம்பர் முடியும்வரை பெல்ஃபாஸ்டை விட்டு நகரவில்லை. இந்த டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து முதல் பயணம் போக வேண்டிய ‘டிஸ்னி அட்வென்ச்சர்’, கப்பல் கட்டும் வேலை முடியாததால் 2026 மார்ச்சுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

மூன்றிலும் ஒரு பொது அம்சம் தெரிகிறது: கப்பல் ஓடத் தயாராகும் முன்பே பயணத்தை விற்றுவிட்டார்கள். ஒன்றில் கப்பல் கைக்கே வரவில்லை, ஒன்றில் பழைய கப்பல் பழுதில் கிடந்தது, ஒன்றில் புதுக் கப்பல் முடியவில்லை. பல வருடமாக அதே தடத்தில் ஓடும் கப்பலுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கூடவே ஒரு காப்பும் இருக்கிறது: பயணம் ரத்தானாலோ மூன்று நாளுக்குக் குறையாமல் தள்ளிப்போனாலோ பயணிக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அமெரிக்காவின் கடல்வாணிப ஆணையம் 2022இல் விதி கொண்டுவந்தது. கொரோனாவில் பணத்துக்குப் பதில் ‘பிறகு பயணம் செய்யுங்கள்’ என்று சீட்டு வாங்கியவர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த விதி அது.

பாதை மாறுவது வேறு. ஆகஸ்ட் 10 அன்று ஜூனோவுக்குத் தெற்கே ட்ரேசி ஆர்ம் கடல்நுழைவில் மலைச்சரிவு விழுந்து ராட்சத அலை எழும்பியது. இப்படி ஏதாவது நடந்தால் ஒரு நிறுத்தத்தை விட்டுவிட ஒப்பந்தத்தில் நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. முன்னால் பதிந்தவர், பின்னால் பதிந்தவர் இருவருக்கும் அது ஒன்றே.

2026 ஜனவரி

வேவ் சீசன் தொடங்கிவிட்டது. ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் நிறுவனங்கள் சலுகைகளை அள்ளி வீசும் காலம். ‘மூன்றாவது, நான்காவது நபருக்குக் கட்டணம் இல்லை’ என்றொரு சலுகை மகளின் மின்னஞ்சலுக்கும் வருகிறது.

கட்டணம் இல்லை என்றாலும் வரியும் துறைமுகச் செலவும் அந்த மூன்றாவது நபருக்கும் உண்டு. அலாஸ்கா மாநிலம் கப்பல் பயணியிடம் வாங்கும் வரியே தலைக்கு 34.50 டாலர். கலிபோர்னியா 2024 ஜூலையில் மொத்த விலையைத்தான் காட்ட வேண்டும் என்று சட்டம் போட்ட பிறகு, வரியையும் சேர்த்துக் காட்டுவது அமெரிக்கா முழுக்கப் பரவியிருக்கிறது. அதிலும் சேராதது பணியாளர்களுக்கான அன்பளிப்பு. நாளுக்குத் தலைக்கு 17 டாலர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு ஏழு நாளில் 595 டாலர். குழந்தைக்கும் அதே கணக்கு. சலுகைகளை ஒப்பிடும்போது கடைசிக் கூட்டுத் தொகையைத்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோரின் அறை வகைக்கு விலை கொஞ்சம் இறங்கியிருப்பதை மகள் கவனிக்கிறார். அமெரிக்காவில் பதிந்தவர்கள், முழுப்பணம் கட்டும் கெடுவுக்கு முன் விலை இறங்கினால், புது விலையைக் கேட்கலாம். பல நிறுவனங்கள் தருகின்றன, ஆனால் கேட்டால்தான். பழைய பதிவோடு வந்த சலுகை போய்விடுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முகவருக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது, மறுநாள் விலை குறைக்கப்படுகிறது. மூவருக்கான அறை வகையைத் தேடினால், அந்தக் கப்பலில் அந்த வாரத்துக்கு ஒன்றுகூட இல்லை.

முன்பதிவையும் காத்திருப்பையும் எதிரெதிராக நிறுத்துவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பணம் திரும்பும் வகையில் முன்னால் பதிந்தவர், கெடு வரையிலும் விலைக்காகக் காத்திருக்கவும் செய்கிறார். அறை மட்டும் கையில் இருக்கிறது.

மார்ச்

விசாக்கள் வந்துவிட்டன. அப்பா சென்னைக்குப் போய் வந்த களைப்பை மறந்து பாஸ்போர்ட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

மகளோடு வேலை பார்க்கும் அமெரிக்கத் தோழி ஒருவர் இன்னும் எதையும் பதியவில்லை. ஓய்வு பெற்ற பெற்றோரோடு செப்டம்பரில் போகலாம் என்றிருக்கிறார். செப்டம்பரில் மழை அதிகம், பள்ளி திறந்துவிடும், கப்பலில் குழந்தைக் கூட்டம் இராது. எந்த அறை என்று நிறுவனமே ஒதுக்கித் தரும் ‘கேரண்டி’ வகையை அவர் எடுப்பார், எந்தத் தளமானாலும் அவர்களுக்குச் சம்மதம். அவர்கள் காத்திருப்பது சரியான முடிவு.

ஏப்ரல், முதல் வாரம்

கப்பல் கிளம்ப மூன்று மாதம் இருக்கும்போது முழுப்பணம் கட்ட வேண்டும். இனி ரத்து செய்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போகும், நாள் நெருங்க நெருங்க எதுவுமே திரும்பாது. இதற்குப் பிறகு விலை இறங்கினாலும் பணம் திரும்ப வருவது அரிது. மகள் விலைப் பட்டியலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மற்ற வேலைகளை எடுக்கிறார். அம்மாவுக்கு வெங்காயம், பூண்டு சேராத சைவ உணவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவின் பயணக் காப்பீட்டில் முழங்காலையும் ரத்த அழுத்தத்தையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

மிச்சம் ஸ்காக்வே ரயில். தங்க வேட்டைக் காலத்தில், 1898க்கும் 1900க்கும் இடையில் போட்ட குறுகிய தடம், மலை விளிம்பை ஒட்டி வைட் பாஸ் வரை ஏறுகிறது. நடக்க வேண்டாம், உட்கார்ந்தே பார்க்கலாம். ஒரே நாளில் பல கப்பல்கள் வந்து நிற்கும் சின்ன ஊர் அது, ரயில் இருக்கைகள் சீக்கிரம் தீரும். அப்பாவிடம் கேட்டதற்கு, ஜன்னல் ஓரமாகக் கிடைக்குமா என்று மட்டும் விசாரித்தார். இருக்கையை எண் போட்டு ஒதுக்க மாட்டார்கள், ஏறும்போது முந்திக்கொள்ள வேண்டும் என்றார் மகள். பேரனை முன்னால் அனுப்பி இடம் பிடிப்பது என்று முடிவாகி, ஐந்து டிக்கெட் அன்றே எடுத்தாயிற்று.