மெதுவாகப் பாடச் சொன்னோம்

அம்பத்தூர் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் சென்ற ஆண்டின் கடைசியில் நாங்கள் மூவரும் அங்கே கூடினோம். அண்ணன், தம்பி, தங்கை என மூன்று ஊர்களில் இருப்பவர்கள் நாங்கள். பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் ஆச்சியின் அட்டை கிழிந்த கீர்த்தனைப் புத்தகமும் அம்மாவின் பாட்டு நோட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அந்த நோட்டின் கடைசி இரண்டு பக்கங்களைப் பார்த்த பிறகு அன்று வேறு வேலை ஓடவில்லை. இதை எழுத நேர்ந்ததும் அதனால்தான்.

ஆச்சி என்பது அப்பாவைப் பெற்றவள். நாசரேத்துக்குப் பக்கத்தில் பனங்காடுகளுக்கு நடுவே ஒரு கிராமம். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை தென்மாவட்டங்களிலிருந்து எத்தனையோ இளைஞர்களை இழுத்துக்கொண்டது; 1971இல் அப்பாவும் அவ்வாறு வந்து சேர்ந்தார். தாத்தா காலமான பின்பு ஆச்சியும் எங்களோடு வந்துவிட்டாள். கொண்டுவந்தவை இரண்டு சேலை, ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி, அந்தக் கீர்த்தனைப் புத்தகம்.

அந்நாட்களில் அம்பத்தூரில் பொழுதைப் பகுத்தது ஆலைச் சங்குதான். மாலைச் சங்கு ஊதி அரை மணிக்குள் அப்பா சைக்கிளில் வந்து சேர்வார். அவர் கைகால் கழுவுவதற்குள் ஆச்சி கூடத்தில் பாயை விரித்திருப்பாள். குடும்ப ஜெபம். முதலில் பாட்டு, பிறகு வேத வாசிப்பு, மறுபடியும் பாட்டு. ஜெபத்தைவிடப் பாட்டு நீளமாக இருக்கும். பசியோடு அமர்ந்திருக்கும் எங்களுக்கு ஒவ்வொரு சரணமும் ஒரு மைல்.

பிற்காலத்தில் எங்களில் ஒருவன் வேலை நிமித்தம் ஆக்லாந்தில் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு சமோவாக் குடும்பம் குடியிருந்தது. அவர்களுடைய தீவில் இலண்டன் மிஷன் பாதிரியார் ஜான் வில்லியம்ஸ் கால் வைத்தது 1830இல். இன்றும் அங்குள்ள கிராமங்களில் அந்தி வேளையில் சங்கு ஊதுவார்கள், அல்லது மணி அடிப்பார்கள். நடமாட்டம் நின்றுவிடும், ஒவ்வொரு வீட்டிலும் பாடி ஜெபிப்பார்கள். ‘சா’ என்று அதற்குப் பெயர். ஆக்லாந்தில் சங்கு இல்லை. ஆனாலும் அந்த வீட்டுக் கிழவி மாலையில் குரலெடுப்பாள்; மருமகளும் பேரப்பிள்ளைகளும் வெவ்வேறு சுரங்களில் அதைத் தாங்கிக்கொள்வார்கள். சுவருக்கு இந்தப்புறம் அமர்ந்து அதைக் கேட்டவன் அன்றிரவு எங்கள் இருவரையும் தொலைபேசியில் அழைத்தான். “ஆச்சி மாதிரியே பாடுதா” என்று மட்டும் சொன்னான். நாங்கள் பதில் பேசவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

ஆச்சியின் பாட்டுகளில் பெரும்பாலானவை வேதநாயக சாஸ்திரியார் இயற்றியவை. 1774இல் பிறந்து 1864வரை வாழ்ந்த அவர், சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்து, சரபோஜி மன்னரின் நட்பையும் பெற்றவர். கிறிஸ்துவின் பாடுகளைப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று தமிழ் மண்ணின் இசைக்குள் கொண்டுவந்தவர். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் 1853இல் இத்தகைய பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார். புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கும். ஆச்சிக்கு ராகத்தின் பெயர் தெரியாது. சிறுமியாக இருந்தபோது கிராமத்து உபதேசியார் பாடிக் காட்டியதை அப்படியே பிடித்துக்கொண்டவள். இழுத்து, குழைத்து, ஒரு சொல்லை விட மனமில்லாதவள்போலப் பாடுவாள்.

அம்மா வேறு பள்ளி. பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது சோல்ஃபா கற்றவள். சுரங்களை எழுத்துகளாக எழுதி, அவற்றைப் பார்த்துப் பாடும் மேற்கத்திய முறை அது. ஆலயப் பாடகர் குழுவில் ஆல்டோ பாடினாள். அளந்து பாடுவாள், எண்ணிப் பாடுவாள். மாமியாரும் மருமகளும் சமையலறையில் சண்டையிட்டு நாங்கள் கண்டதில்லை. பாயில் அமர்ந்தால் ஒவ்வொரு நாளும் ஒரு சிறு போர் நடக்கும். “அத்தை, அங்க ரெண்டு தட்டுதான்” என்பாள் அம்மா. “தட்டு உனக்கு, பாட்டு எனக்கு” என்பாள் ஆச்சி.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம். ஞாயிறு ஆராதனையில் ஆச்சியின் குரல் தனியாகக் கேட்கும். கீபோர்டு அடுத்த வரிக்குப் போன பிறகும் அவள் முந்திய வரியின் கடைசிச் சொல்லில் இருப்பாள். பின் பெஞ்சில் இருக்கும் பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். மறுநாள் பள்ளியில் அவளைப்போல் இழுத்துப் பாடிக் காட்டுவார்கள். 1984ஆம் ஆண்டு லெந்து நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நடந்து வரும்போது நாங்கள் மூவரும் சேர்ந்து அவளிடம் சொன்னோம்: “ஆச்சி, கோயில்ல மட்டும் கொஞ்சம் மெதுவாப் பாடுங்க. எங்களுக்கு வெக்கமா இருக்கு.” பெரியவனுக்குப் பதின்மூன்று வயது, சிறியவளுக்கு எட்டு. ஆச்சி நின்றாள். “அதுக்கென்ன எய்யா, பையப் பாடுதேன்” என்றாள். அம்மா இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அதன் பிறகு ஆலயத்தில் ஆச்சியின் உதடு மட்டும் அசைந்தது. நாங்கள் நிம்மதி அடைந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

1990க்குப் பின் அவளுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. முதலில் எங்கள் பெயர்கள் போயின, பிறகு ஊரின் பெயர், பிறகு தாத்தா இறந்துபோன செய்தி. பாட்டு போகவில்லை. மெதுவாகப் பாட வேண்டும் என்பதும் மறந்துவிட்டது. நள்ளிரவிலும் முழுக்குரலில் பாடினாள். சாஸ்திரியாரின் லெந்துப் பாட்டு ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. ஒரு சரணமும் விடுபடவில்லை. அம்மா எழுந்துபோய் அருகில் அமர்வாள். தட்டுக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஆச்சியின் போக்குக்கு அடியிலேயே, அவள் இழுத்த இடத்தில் தானும் இழுத்து, தாழ்ந்த குரலில் கூடப் பாடுவாள். அறைக்கு வெளியே நாங்கள் விழித்துக் கிடப்போம்.

அந்த இரவுகளில் அம்மா எழுதியதே நோட்டின் கடைசி இரண்டு பக்கங்கள். ஆச்சியின் மெட்டைச் சோல்ஃபாவில் பிடிக்க முயன்றிருக்கிறாள். நான்கு வரி ஒழுங்காகப் போகிறது. பிறகு இரண்டு எழுத்துகளுக்கு நடுவே பென்சிலால் ஒரு வளைகோடு. அடித்து, மீண்டும் வளைகோடு. இறுதியில் எழுத்துகளே இல்லை, வெறும் கோடுகள். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சுருதிகள் இருபத்துநான்கு என்று நிறுவுவதற்காகக் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்டார். எங்கள் அம்மாவிடம் இருந்தது சோல்ஃபாவும் ஒரு பென்சிலும்தான்.

ஆச்சி 1993இல் போனாள். அம்மா 2018இல். கடைசி வாரத்தில் ஒரு மாலை அம்மா எங்களைப் பாடச் சொன்னாள். அதே பாட்டு. பல்லவியைப் பாடினோம். சரணத்தில் சொற்கள் இருந்தன, ஆச்சியின் மெட்டு இல்லை; ஆலயத்துக் கீபோர்டின் மெட்டுதான் வந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “அன்னைக்கு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு. எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு” என்றாள். முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து. இன்ன நாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் தெருவுக்கு இப்போது ஆலைச் சங்கு கேட்பதில்லை. வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய இரவு, சாமான்கள் போன வெறும் கூடத்தில் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு மூவரும் அமர்ந்தோம். முன்போல ஜெபிக்கிறவர்கள் எங்களில் எல்லோரும் அல்லர். இருந்தாலும் பாடினோம், குரலைத் தாழ்த்தாமல். நான்கு வரி சேர்ந்தே வந்தோம். வளைகோடு வந்த இடத்தில் மூவரும் மூன்று விதமாகப் போனோம்.